விபத்தில்லா ஆலையில் என் அண்ணன்

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் இருக்காது. அப்போதுதான் அண்ணி வருவாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லுவாள். நான் அடிப்பேன்.

மணலியில் ஓர் ஆலையில் வாயு கசிந்து என் அண்ணன் செத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவனோடு இன்னும் சிலரும் போனார்கள். எல்லாரும் ஒப்பந்தத் தொழிலாளிகள். அன்றைக்கு அப்படி யாருமே வேலைக்கு வரவில்லை என்று ஆலை சாதித்தது. "பேப்பர்ல ஒரு நாள் போட்டான், மறுநாள் அதுல பஜ்ஜி மடிக்கிறான். இண்டர்நெட்ல போட்டா நிக்கும்ல பாப்பா?" என்பாள் அண்ணி. நிற்கும் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தோம்.

பக்கத்துக்கான இணைய முகவரியைத் தொழிற்சங்கச் செயலாளர் தன் பெயரில் வாங்கிக் கொடுத்தார். இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு படம், எப்படிப் போனார் என்று ஒரு பத்தி. அண்ணன் படம் ஆயுத பூஜையன்று எடுத்தது: மஞ்சள் ஹெல்மெட், நெற்றியில் சந்தனம், பல் தெரியச் சிரிப்பு. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் ஒரு வக்கீல் தேடி வந்து வழக்குப் போட்டார்.

வழக்கு சூடு பிடித்த நேரத்தில் ஒரு ஞாயிறு, அண்ணி உட்கார்ந்ததும் முகவரியை அடித்தேன். பச்சைப் புல்வெளி வந்தது, பின்னால் ஆலை, நடுவில் என் அண்ணன். சந்தனத்தை மட்டும் அழித்திருந்தார்கள். கீழே, 'விபத்தில்லா ஆலை. இங்கே நாங்கள் ஒரே குடும்பம்.'

அண்ணி கத்தவில்லை. "செத்தப்ப ஆளே இல்லன்னானுங்க. இப்ப வேலைக்கு வச்சிகீறானுங்க" என்றாள்.

நேரே செயலாளர் வீட்டுக்குப் போனோம். சங்கத்தை விட்டுவிட்டு அதே ஆலைக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்ட் எடுத்திருந்தார். காப்பி குடித்துக்கொண்டே பேசினார். "அட்ரஸ் என் பேர்ல இருந்திச்சி, கம்பெனிக்கே குட்த்துட்டேன். போட்டோல நல்லா சிரிச்சிகினு தானேமா கீறான்? பொணமாவா போட்டுகீறாங்க?"

"காப்பி ஆறுது, குடி நைனா" என்று அண்ணி எழுந்துவிட்டாள்.

பழைய பக்கம் என்னிடம் சீடியில் இருந்தது. மறுபடி ஏற்றலாம் அண்ணி என்றேன். "எவன் பேர்ல?" என்றாள். சாட்சிகள் ஒவ்வொருவராக ஆலையில் வேலைக்குச் சேர, வழக்கு தள்ளுபடியானது. சீடியையும் அண்ணியிடமே கொடுத்துவைத்தேன். பின்னால் ஒரு மழையில் அண்ணியின் சடையங்குப்பம் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து அதையும் எடுத்துப்போனது, அண்ணன் படங்களையும் எடுத்துப்போனது.

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் காப்பகங்கள் இருப்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்தது. அண்ணியின் பேத்தி, தாத்தா எப்படி இருப்பார் என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் அந்த முகவரியைப் போட்டுத் தேடினேன். ஒரே ஒரு பிரதி கிடைத்தது. அண்ணி பெயர் பெயராகச் சொல்லி நான் அடித்த பக்கம் அல்ல. புல்வெளி வந்தது.

அண்ணிக்கு இப்போது கண் மங்கல். என் போனை வாங்கி மூக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தாள். கட்டைவிரலால் அடியில் இருந்த எழுத்தை மறைத்துக்கொண்டு பேத்தியிடம் காட்டினாள்.

"பாரு, இதான் உன் தாத்தா."

"கீழ இன்னா ஆயா எழுதிகீது?"

அண்ணி விரலை எடுக்கவில்லை.