போட்டதை எடு

ஹால்வருக்கு ஊரில் இரண்டு பெயர். குதிரை லாடம் எறியும் விளையாட்டில் சூரன் என்பது ஒன்று. பெண்டாட்டி சொல் தட்டாதவன் என்பது மற்றொன்று. முதலாவதில்தான் கொஞ்சம் சந்தேகம்.

அயோவாவில் பால்பண்ணை வைத்திருந்தான். கொட்டகைக்குப் பின்னால் நாற்பது அடி இடைவெளியில் இரண்டு இரும்பு முளை அடித்து, சுற்றிலும் களிமண் கொட்டி, மாடு கறந்த கையோடு தினமும் எறிவான். முளையைச் சுற்றி லாடம் விழுந்தால் மூன்று புள்ளி, கிட்ட விழுந்தால் ஒன்று; போட்டியில் ஒரு சுற்றுக்கு ஆளுக்கு இரண்டு லாடம், யாருடையது முளைக்கு மிகக் கிட்டவோ அவனுக்கு மட்டுமே புள்ளி. அந்தக் ‘கிணுங்’ கேட்காவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் தேசியப் போட்டிக்கு நான்கு வருடம் போயும் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. ஒரு வருடம் காற்று சரியில்லை, ஒரு வருடம் களிமண் சரியில்லை, ஒரு வருடம் பக்கத்துப் பன்றிக் கண்காட்சியின் நாற்றமாம்!

அவன் மனைவி தோரா மகா சுத்தக்காரி. காலுறையோ தொப்பியோ தரையில் கிடந்தால் போதும், “போட்டதை எடு!” என்று ஒரு அதட்டல். இருபத்திரண்டு வருடத்தில் அவன் முதுகு தானாகவே குனியப் பழகிவிட்டது.

ஐந்தாம் வருடம் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“ஒரு ஆட்டமாவது ஜெயிச்சுக் காட்டு, ஹால்வர். இல்லேன்னா கொட்டகைக்குப் பின்னால முட்டைக்கோஸ் போட்டுடுவேன்.”

“ஐயையோ! அங்க போயா?”

“அங்கதான். நானும் வர்றேன், இந்தத் தடவை காத்து மேல பழி போட முடியாது.”

போனார்கள். வழக்கம்போல வரிசையாகத் தோற்றான். மிஞ்சியது கன்சாஸ்காரன் டெல்பெர்ட்டோடு ஒரே ஆட்டம். முதலில் ஐம்பது எடுப்பவன் ஜெயிப்பான். டெல்பெர்ட் நாற்பத்தொன்பது, ஹால்வர் நாற்பத்தேழு. டெல்பெர்ட்டின் ஒரு லாடம் முளைக்கு நாலு விரல் தள்ளி விழுந்தது, மற்றது உருண்டு போனது. ஹால்வரின் முதல் லாடம் எங்கோ போனது. இரண்டாவது, கிணுங்!

கூட்டம் எழுந்து கத்தியது. ஹால்வர் பூரித்துப்போய் நாற்பது அடியும் நடந்தான். கீழே லாடம் கிடந்தது. குனிந்தான், எடுத்தான், கைக்குட்டையால் மண்ணையும் துடைத்தான்.

“என்னய்யா பண்றே!” என்று நடுவர் அலறினார். “நான் இன்னும் எண்ணவே இல்லியே!”

எண்ணுமுன் தொட்டால் தொட்டவனுக்குப் புள்ளி கிடையாது. நாலு விரல் தள்ளிக் கிடந்த லாடத்துக்கு ஒரு புள்ளி, டெல்பெர்ட்டுக்கு ஐம்பது. பாவம், அவனுக்கே சங்கடம். “சுத்தித்தான் விழுந்துது, நானே பார்த்தேன். என்ன பண்றது, சட்டமாச்சே,” என்று புகையிலையைத் துப்பினான்.

கூட வந்த ஊர்க்காரர்கள் விடுவார்களா? “தோரா, நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கே!” என்று சிரித்தார்கள். வீடு திரும்பும் வழி நெடுக ஹால்வர் கண்ணுக்கு முட்டைக்கோஸாகவே தெரிந்தது.

மறுநாள் காலை அவன் பால் கறந்து முடித்து வந்தபோது, தோரா மண்வெட்டியோடு கொட்டகைக்குப் பின்னால் நின்றாள். கிட்டப் போய்ப் பார்த்தால், முளையைச் சுற்றிக் களிமண்ணைக் கிளறித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“முட்டைக்கோஸ்?”

“கோழிக்கூண்டுப் பக்கம் இடமா இல்லை? எறி.”

எறிந்தான். கிணுங்! போனான், குனிந்தான்.

“தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்! கிடக்கட்டும்!”

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைத்து நின்றான். தோரா மண்ணில் முழங்கால் போட்டு லாடத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

“மூணு,” என்றாள். “இப்ப எடு.”