கொடுத்த பாயைத் திருப்பிக் கேட்டவர்

அபெராமோ பத்து வருஷம் பாஸ்போர்ட்டைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனவர். சிரிக்காதீர்கள். எழுபத்தாறாம் வருஷம் ஆக்லாந்தில் எங்கள் நிறத்தில் யார் பஸ்ஸுக்கு நின்றாலும் போலீஸ்காரர் வந்து காகிதம் எங்கே என்று கேட்பார். அபெராமோ நிரந்தரவாசி, முறைப்படி வந்து முறைப்படி முத்திரை வாங்கியவர். இருந்தும் ஒருநாள் காகிதத்தை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பியதால் மதியம் முழுக்க ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகுதான் டாரோக் கிழங்குக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில், அந்தச் சமோவா பாஸ்போர்ட் ஏறியது. இறைச்சி ஆலையில் எல்லோருக்கும் அது தெரியும். "இன்னிக்கு என்ன, வறுத்த பாஸ்போர்ட்டா?" என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

நான் தெபோரா. ஓட்டாராவில் அவர்களுக்கு அடுத்த வீடு. அவர் மனைவி பிசிலாவும் நானும் ஒரே லாண்டரியில் இருபது வருஷம் படுக்கை விரிப்பு மடித்தோம். பிசிலாவும் மகள் ரூத்தாவும் எப்போதோ குடியுரிமை வாங்கிவிட்டார்கள். இவர் மட்டும் மசியவில்லை. "நான் பொழைக்க வந்தவன். செத்தா சவாயி மண்ணுலதான்" என்பார். அந்த வீம்பு எனக்கு அப்போது பிடித்துத்தான் இருந்தது.

தொண்ணூற்றொன்றில் சமோவாவில், அவர் பிறந்த சவாயித் தீவில், குடும்பத் தலைவர் பட்டம் அவருக்கு வந்தது. பட்டம் ஏற்றவரைப் பழைய பேர் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது. அபெராமோ போய்த் தலியோவா வந்தார். தொண்ணூற்றாறில் எடுத்த புதிய பாஸ்போர்ட்டிலும் தலியோவா என்றே பதிந்து கொடுத்தார்கள். ஆனால் நியூசிலாந்துக்குத் திரும்பி வரலாம் என்று சொல்கிற விசா, செல்லாதென்று மூலை வெட்டிய பழைய புத்தகத்திலேயே ஒட்டியிருந்தது. அதைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள மனுப் போட வேண்டும். அதுவரை இரண்டையும் சேர்த்தே கொண்டு போக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருஷமாக அவருக்கு மனுப் போட நேரம் கிடைக்கவில்லை. சர்ச் கூட்டத்தில் தலைவர் நாற்காலியில் உட்காரக் கிடைத்தது. சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனால் அதுதான் உண்மை.

தொண்ணூற்றெட்டில் அவர் தாயார் சவாயியில் இறந்துபோனார். மூட்டை கட்டுகிற இடத்தில் நானும் இருந்தேன்.

"ரெண்டு புஸ்தகத்தையும் எடுத்துக்கங்க" என்றாள் பிசிலா.

"ஊர்ச் சபையில உக்காரப் போறவன் பழைய பேரைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் போவானா? இருபத்துநாலு வருசமா இங்க இருக்கேன். யாரு என்னைத் தடுப்பா?"

"விமானத்துல ஏத்திவிடுற பொண்ணு தடுப்பா, தலைவரே. உங்க சபையெல்லாம் அவளுக்குத் தெரியாது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிசிலா ஆறு சீர்ப்பாய்களை மூட்டையில் அடுக்கினாள். பட்டுத் துணி போல நெய்த அந்தப் பாயில் நாங்கள் உட்காருவதில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் சீராகக் கொடுப்பதற்கென்றே வைத்திருப்போம். மேலாக இருந்த ஒன்றைத் தட்டிக்காட்டி, "இது எங்கம்மா நெய்தது. பெட்டிக்குத் தலைமாட்டுல வச்சுட்டுத் திருப்பி எடுத்துட்டு வந்துடுங்க. குடுத்துடாதீங்க" என்றாள். அவர் தலையாட்டினார். அதன் மடிப்புக்குள் பழைய பாஸ்போர்ட்டை வைத்து இரண்டு தையலும் போட்டிருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் போய்ச் சேர்ந்து அவர் போன் பண்ணும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள். சாவு வீட்டு அமளியில் அவர் போன் பண்ணவே இல்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் பிசிலா லாண்டரியில் என் கண் முன்னே விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. டாக்டர் இரண்டு நாளோ மூன்று நாளோ என்றார். ரூத்தா ஊருக்குப் போன் போட்டாள். அங்கே பாஸ்டர் வீட்டில்தான் போன் உண்டு. அவரைக் கூட்டிவர அரைமணி ஆயிற்று.

"அப்பா, உடனே வாங்க. வாய் குழறுறதுக்கு முன்னாடி அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. பழைய புஸ்தகம், அம்மாவோட அம்மா நெய்த பாய் மடிப்புல இருக்காம். அது இல்லாம உங்களை ஏத்த மாட்டாங்கன்னு சொல்லச் சொன்னாங்க. பாய் உங்ககிட்டதானே இருக்கு?"

"அதையும் குடுத்துட்டேனே" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே அது கேட்டது.

தாய்வழி உறவில் ஒரு பேச்சாளர் சபை நடுவே நின்று தலியோவாவின் தாராள மனசை வானளாவப் புகழ்ந்ததில், உருகிப்போய் அதையும் தூக்கிக் கொடுத்திருக்கிறார். பெரிய பாயை மட்டும்தான் விரித்துக் காட்டுவார்கள். மற்றதெல்லாம் மடிப்புக் கலையாமல் கைமாறும். தையல் யார் கண்ணிலும் படவில்லை.

ரூத்தா இங்கே குடியேற்ற அலுவலகத்தில் அழுது பார்த்தாள். பேர் மாறியதை வேறு வழியில் நிரூபிக்கப் பத்து நாளாவது ஆகும் என்றார்கள். விமானம் மறுநாள் சாயங்காலம். அதை விட்டால் மூன்று நாள் கழித்துத்தான்.

கொடுத்ததைக் கேட்டால் அடுத்தது பகை என்பார்கள். எங்களில் அது பகையோடு போகாது, மானமும் போய்விடும். கொடுத்த சீர்ப்பாயைத் தேடி ஒரு பட்டக்காரர் வாசல் வாசலாகப் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அவர் போனார். அதை நான் மறைக்க மாட்டேன்.

அன்று மாலையே பேச்சாளர் வீட்டுக்குப் போய், பாய் எங்கே என்று சுற்றி வளைத்து விசாரித்திருக்கிறார். அந்த மனுஷர் தொடையைத் தட்டிச் சிரித்தாராம். "குடுத்த பாயைத் தேடி வந்த முதல் தலைவர் நீங்கதான் ஐயா! நியூசிலாந்துல பாய்க்குப் பஞ்சமா?" இவர் காரணத்தைச் சொல்லவில்லை. பழைய பேர் போட்ட புத்தகத்துக்காக அலைகிறேன் என்று அந்த வாய்க்கு முன்னால் எப்படிச் சொல்வது? பாய் பாஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டது என்று மட்டும் தெரிந்தது. காலையில் பாஸ்டர் மனைவி, நேற்றுத்தான் படகுத்துறைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுத்தோம் என்றாள்.

அந்த வீட்டு வாசலில் அவர் நின்றபோது மணி பதினொன்றரை. விமான நிலையம் இருக்கிற பக்கத்துத் தீவுக்குப் படகு இரண்டு மணிக்கு. அதைப் பிடித்தால் சாயங்கால விமானம். வீட்டிலிருந்து துறைக்குப் பத்து நிமிஷ நடை.

பட்டக்காரர் வந்தால் விட்டுவிடுவார்களா? தலைவருக்கான தூணோரம் உட்காரவைத்தார்கள். ஆவா வேரைக் கரைத்துச் சிரட்டையில் கொடுத்தார்கள். வீட்டுப் பெரியவர் சுலு எழுந்து வரவேற்றுப் பேசினார். இவர் பதில் பேச வேண்டும், பேசினார். இன்னொருவர் எழுந்தார். "அள்ளிக் கொடுக்கிற தலியோவாவின் கை!" என்றார். சாப்பாடு வந்தது. பேச்சுக்குப் பேச்சு, 'இப்போது கேட்போம், இதோ இப்போது' என்று நினைத்தாராம். நேற்றுப் பேச்சாளர் சிரித்தது நினைவுக்கு வரும், அடுத்த வாய் கறியை எடுப்பாராம். அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் முழுதாக வரவில்லை.

படகின் சங்கு ஊதியது காதில் விழுந்த பிறகுதான் வாய் திறந்தார்.

சுலுவின் மனைவி பதறி எழுந்து உள்ளே ஓடினாள். பாயைக் கொண்டுவந்து, பல்லால் தையலைக் கடித்துப் பிரித்துப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். "அங்க பொண்டாட்டி கெடக்கா, இங்க பன்னிக்கறி தின்னுக்கிட்டா இருந்தீங்க? வந்ததும் சொல்லக் கூடாதா, ஐயா? ஓடுங்க!"

ஓடினார். ஐம்பத்தாறு வயசில், வெறுங்காலோடு துறை வரைக்கும் ஓடினார். படகு கரையை விட்டுப் போயிருந்தது.

மூன்று நாள் கழித்து அடுத்த விமானத்தில் வந்தார். விமானத்தில் ஏற்றிவிடுகிற பெண்ணும் இங்கே வாசலில் இருந்த அதிகாரியும் இரண்டு புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு உடனே விட்டார்களாம். பிசிலா அதற்கு முதல் நாள் விடியற்காலையில் போய்விட்டாள். நானும் ரூத்தாவும் பக்கத்தில் இருந்தோம். பேச்சு இல்லை, கண் மட்டும் இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பும். நர்ஸைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும்.

அடக்கத்தின்போது அவரிடம் நான் பேசவில்லை. அடுத்த ஒரு மாதமும் பேசவில்லை. பிறகு ஒருநாள் வேலிப்பக்கம் வந்து நின்று, நான் கேட்காமலே எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். தூண், ஆவா, பேச்சு, சங்கு எல்லாம். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டரை மணி நேரம்! வாயில என்ன கொழுக்கட்டையா அண்ணே வச்சிருந்தீங்க? அவ கண்ணு கதவையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு, தெரியுமா? வாசல்லயே நின்னு கேட்டிருக்கலாம்ல?"

அவர் என்னைத் தடுக்கவில்லை, தலையும் குனியவில்லை. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேட்டிருக்கலாம், தெபோரா" என்றார். "அபெராமோவா இருந்தா கேட்டிருப்பான்."