நூலுக்கு வைத்த தண்ணீர்

வாலாஜாபாத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ், ரேடியேட்டர் கொதித்து நடுவழியில் நிற்கிறது. கண்டக்டர் வாளியோடு கிணற்றைத் தேடிப் போயிருக்கிறார். எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. எரிச்சல்படக்கூடத் தெம்பில்லை.

சாலையோர வீட்டு வாசலில் ஒரு பெண் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் பெரிய செப்பு அண்டா, அதற்குள் அரக்குச் சிவப்பு. மூங்கில் கழியில் கோத்த நூல் கற்றைகளை ஆவிக்குள் கைவிட்டுப் புரட்டுகிறாள். முழங்கை வரை சிவந்த கை. பக்கத்தில் வெள்ளைத் துணியால் வாய் கட்டிய குடங்கள். நான் ஒரு குடத்தின் மேல் குனிகிறேன்.

"அத்தத் தொடாதீங்க சார், நூலுக்கு வெச்சிக்கீறோம். ஆத்து மணல்ல ஊத்து தோண்டி மாட்டு வண்டில கொண்டாந்தது. இருங்க, குடிக்கத் தரேன்."

உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவருகிறாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறேன். ஒரே உப்பு. குமட்டுகிறது. வெட்கத்தை மறந்து அவள் வாசலிலேயே துப்பிவிடுகிறேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க கிணத்துத் தண்ணி சார் இது. நூலும் உங்கள மாதிரிதான். இதுல முக்குனா சாயத்தத் துப்பிடும், திட்டுத் திட்டாப் பூடும். அதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும்."

"அப்ப நீங்க?"

"நாங்க எங்க சார் துப்பறது?"

சொம்பில் மிச்சமிருந்ததைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, மறுபடி கழியைப் பிடிக்கிறாள்.