சூட்டு மாத்திரை

மருந்துக்கடை கவுண்டரில் பதினாலு வருஷம் நின்றவளுக்கு ஆட்களை முகத்தை வைத்துத் தெரியாது, குரலை எவ்வளவு தாழ்த்துகிறார்கள் என்பதை வைத்துத்தான் தெரியும். காய்ச்சலுக்கு மருந்து கேட்பவர் தெருவுக்கே கேட்கும்படி கேட்பார். மூலத்துக்குக் கேட்பவர் கவுண்டர் மேல் சாய்ந்துகொண்டு கேட்பார். கீழே அரிப்பு என்று வரும் பெண்ணோ லேசில் வாயே திறக்க மாட்டாள். தலைவலித் தைலம் ஒன்று வாங்குவாள், பேண்டேஜ் ஒன்று வாங்குவாள், ஆம்பளைகள் எல்லாரும் போகும்வரை சோப்பு விலை விசாரிப்பாள். கடைசியில் என் காதுக்குள் வந்து, "அக்கா, சூட்டு மாத்திரை இருக்கா?" என்பாள்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் கடை. அங்கே வேலை பார்க்கும் ஒரே பொம்பளை நான், அதனால் இந்தக் கேள்வி முழுக்க என் தலையில்தான் விடியும். சூட்டு மாத்திரை என்பது கம்பெனிக்காரன் வைத்த பெயர் இல்லை. பெண்ணுறுப்பில் ஈஸ்ட் என்கிற பூஞ்சை பிடித்து, திரிந்த பால் மாதிரி வெள்ளைப்பட்டு, உட்கார விடாமல் நிற்க விடாமல் அரித்துத் தொலைக்குமே, அதற்கான மாத்திரை. நோயின் பெயரைச் சொல்ல எல்லாருக்கும் வெட்கம். அதனால் 'உடம்பு சூடு' என்று ஆக்கிவிட்டோம். அந்த 'ஆக்கிவிட்டோ'மில் நானும் சேர்த்தி. பட்டவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். போய்விட்டது என்று மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்து நிற்கும் அந்தச் சனியனை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

பங்குனி வெயில்

ஹசீனா முதலில் வந்தது பங்குனியில். முப்பத்துமூன்று வயசு. கணவர் துபாயில் ஏசி மெக்கானிக், கடைசியாக ஊருக்கு வந்துபோய் ரெண்டு வருஷமாகிறது. தைலம், பேண்டேஜ் எல்லாம் வாங்கி முடித்துவிட்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சூட்டு மாத்திரை கேட்டாள். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்கவேண்டியவள் நான். கேட்கவில்லை. ஒத்த மாத்திரையைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு, பெரிய வைத்தியச்சி மாதிரி வாயைத் திறந்தேன். "வெயில் காலம்ல, சூடுதான். இளநீர் குடி. படுக்கப்போறப்ப பால்ல பனங்கற்கண்டு போட்டுக் குடி, உடம்புக்குக் குளிர்ச்சி."

அடுத்த மாசம் வந்தாள். அதற்கடுத்த மாசமும் வந்தாள். மூன்றாவது தடவை, "என்னம்மா, இன்னுமா போகல?" என்று ஏதோ அவள் தப்பு மாதிரி கேட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. "அவங்க மார்கழியில லீவுல வர்றாங்கக்கா. அதுக்குள்ள இது போயிடணும், எனக்கு அவ்வளவுதான் வேணும்."

நாத்தனார் பங்கு

திருவேட்டக்குடியிலிருந்து மீன் கூடையோடு வரும் அஞ்சலை அக்காவுக்கும் இதே தொல்லை. ஒரு டாக்டர் மூன்று மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார், மூணு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில். நான் கவர் மேல் மூணு வட்டம் போட்டு, திங்கள், வியாழன், ஞாயிறு என்று எழுதி, கற்பூரம் அடித்து சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பினேன். இருபதாம் நாள் அதே அரிப்போடு வந்து நின்றாள். "ஏன்டி, உன் மாத்திரையில மருந்து இருக்கா, சுண்ணாம்பு இருக்கா?" என்று என்னையே ஏசினாள்.

மூணையும் முழுங்கினாயா என்று கேட்டேன். அவ்வளவுதான், வண்டவாளம் வெளியே வந்தது, ஒன்றோடு நிறுத்தியிருக்கிறாள். அரைகுறையாக அடிவாங்கிய பூஞ்சை சாகாது அக்கா, அடுத்த தடவை அந்த மருந்துக்கே மசியாது என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஒண்ணு தின்னதுமே அரிப்பு நின்னுபோச்சே, அப்புறம் எதுக்குடி வீணாக்கணும்? நாத்தனாருக்கும் இதே கஷ்டம்னா, மீதி ரெண்டையும் அவகிட்ட குடுத்துட்டேன். அவ நல்லவ, ஒண்ணை மருமகளுக்குக் குடுத்தா!"

முகத்துக்குப் போடுகிற களிம்பு

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டும் ஒருவர் ஒரு களிம்பின் பேரைச் சொல்லிக் கேட்டார். கழுத்தில் இருந்த படர்தாமரைக்கு அவர் போட்டுக்கொண்ட களிம்பு. யாருக்கு என்றேன். வீட்டுல என்றார். எங்கே போட என்றேன். தலைக்கு மேல் ஓடும் ஃபேனைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அதில் ஸ்டீராய்டு இருக்கிறது அண்ணே, மேலே சிவப்பு அடங்கும், அடியில் பூஞ்சை சொகுசாகக் குடித்தனம் நடத்தும், அவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க என்றேன்.

அதற்குள் முதலாளி என் தோளுக்கு மேல் கையை நீட்டி, அந்தக் களிம்பை எடுத்து அவரிடம் கொடுத்தே விட்டார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கவுண்டரில் அறைந்தேன். அது ஒரு பொம்பளையின் உடம்பு சார், சுவரில் வெள்ளையடிக்கிற வேலையா இது என்று கேட்டேன். முதலாளி நிதானமாகச் சொன்னார்: "நீ கேள்வி கேட்குற, அவன் எதிர்த்த கடைக்குப் போறான். கேள்வியை எந்த அலமாரியிலம்மா வச்சு விக்கிறது?"

அடைமழையில் என்ன சூடு?

ஐப்பசி. மூணு நாளாக விடாத மழை, பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கணுக்கால் தண்ணீர். குடை சொட்டச் சொட்ட, நடுங்கிக்கொண்டு ஹசீனா வந்து நிற்கிறாள். கேட்பது சூட்டு மாத்திரை! எனக்கே சுருக்கென்றது. இந்தக் குளிரில் எவளுக்கு என்ன சூடு? இனிமேல் தரமாட்டேன், லேடி டாக்டரைப் போய்ப் பார் என்றேன்.

அவள் கசப்பாகச் சிரித்தாள். ஏற்கனவே ரெண்டு தடவை போயிருக்கிறாள். மாமியார் பேச்சைக் கேட்டு, தரை துடைக்கிற கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து தினமும் கழுவியிருக்கிறாள். புண்ணாகி, ஒண்ணுக்குப் போகும்போதெல்லாம் எரிந்திருக்கிறது. அந்தப் புண்ணோடு போனவளைப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை, ரத்தம் எடுக்கவில்லை, தலையைக்கூட நிமிர்த்தாமல் அதே மாத்திரையை எழுதியிருக்கிறார் அந்த டாக்டர் அம்மா. படித்த பொம்பளை, பொம்பளைக்கே இப்படியென்றால் வயிறு எரியாதா? எரிந்தது. எரிந்து என்ன பிரயோஜனம், கடைசியில் நானும் அதே மாத்திரையைத்தான் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஹசீனா சொன்னாள்: "கல்யாணமான பொம்பளைக்கு இது வர்றதுதான், சுத்தமா இருன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாங்கக்கா. நான் என்ன அழுக்காவா இருக்கேன்?"

பிளாஸ்டிக் பையோடு வந்தவர்

மார்கழியில் ஹசீனாவின் கணவர் வந்தார். ஊருக்கு மட்டுமில்லை, எங்கள் கடைக்கும் வந்தார். சாயங்காலக் கூட்டத்தில் பொறுமையாக நின்று, முறை வந்ததும் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைக் கவுண்டரில் கவிழ்த்தார். காலியான மாத்திரை அட்டைகள். ஒன்பது. பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாளாம். குப்பையில் போட்டால், இன்னும் போகவில்லை என்று மாமியாருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்.

"இதெல்லாம் நீங்க குடுத்ததுதானே? எதுக்கு மாத்திரை இது?" என்றார். பதினாலு வருஷப் பழக்கம், யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது: "சூட்டுக்கு, பாய்." அவர் முகம் இறுகிவிட்டது. குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. "நான் ஊர்லயே இல்லாதப்ப என் பொண்டாட்டிக்கு என்னங்க சூடு?"

ஒரு சொட்டு ரத்தம்

எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த மனுஷனை நாலு கேள்வி கேட்க நாக்கு துடித்தது. ஆனால் அந்தச் சொல்லை அவர் கையில் கொடுத்ததே நான்தானே? பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக, கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன். "பாய், இது ஈஸ்ட் பூஞ்சை. பொண்ணுறுப்புல வர்றது. இன்னொரு ஆம்பளைகிட்ட வாங்கிட்டு வந்தாத்தான் வரும்னு இல்ல. ரொட்டி மாவைப் பொங்க வைக்குதே, அதோட பங்காளி. நம்ம உடம்புலயே சும்மா கிடக்கும், தீனி கிடைச்சாப் பொங்கும்." வெளியே ஆட்டோவில் ஹசீனா அழுதுகொண்டிருப்பது கவுண்டரிலிருந்தே தெரிந்தது, அவளை உள்ளே கூட்டி வரச் சொன்னேன்.

வந்தவள் தண்ணீர் கேட்டாள். என் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து மூச்சு விடாமல் காலி செய்தாள். இன்னொன்று இருக்கா என்று கேட்டாள். மார்கழிப் பனியில் இப்படித் தாகமா? தீனி கிடைச்சாப் பொங்கும் என்று நானே சொன்னது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. சர்க்கரை பார்க்கும் மிஷினை எடுத்து, அவள் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் வைத்தேன். முந்நூற்று எழுபத்திரெண்டு.

"சுகரா? இவ ஸ்வீட்டே தொடமாட்டாளே!" என்றார் கணவர். ஹசீனா என்னைத்தான் பார்த்தாள். "நீங்க சொன்னதைத் தவிர நான் ஒண்ணும் செய்யலக்கா. தினம் இளநீரு, படுக்கப்போறப்ப பால்ல பனங்கற்கண்டு. சூடு அடங்கலையேன்னு கற்கண்டை இன்னும் கொஞ்சம் கூடத்தான் போட்டேன்."

பேரைச் சொல்லி

கணவர் மறுநாளே அவளை வேறொரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் பரிசோதித்துப் பார்த்து, பஞ்சுக் குச்சியில் எடுத்து லேபுக்கு அனுப்பினார். ஒன்பது மாத்திரை தின்று பழகிய பூஞ்சைக்கு மருந்தையும் மாற்றினார், சர்க்கரைக்கும் வைத்தியம் ஆரம்பித்தார். ரெண்டு மாசத்தில் அரிப்பு போனது, இதுவரை திரும்பவில்லை. கணவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டேன், கவுண்டரை விட்டு வெளியே வந்து, கையைப் பிடித்துக் கேட்டேன். "விடுங்கக்கா, பேரைச் சொல்லிக் கேட்க எனக்கும்தானே வாய் வரல. ஆனா அந்த ஒரு நாள் அவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அது இன்னும் அரிக்குது."

இப்போது யார் வந்து கிசுகிசுத்தாலும் நோயின் பெயரை நான் உரக்கச் சொல்கிறேன், மிஷினை எடுத்து முன்னால் வைக்கிறேன், முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். ஆக, கடைக்கு வருகிற ஒருத்திக்கும் சூடு கிடையாது, இந்தக் காரைக்காலில் உச்சி முதல் உள்ளங்கால் வரை சூடாக இருப்பவள் நான் ஒருத்திதான், அதற்கு எங்கள் கடையில் மாத்திரை இல்லை.