சிவப்புத் தலைக் கட்டைகள்

போன புதன்கிழமை எங்கள் பிரதேச சபைத் தவிசாளரும் ஆறு உறுப்பினர்களும் ஒரு வெறுங்காணியின் வேலியோரம் முக்கால் மணி நேரம் நின்றார்கள். உள்ளே போகவில்லை. நானும் நின்றேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லைதான்... எங்கேதான் இருக்கிறது?

முதலில் காணியைச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியிலிருந்து நேரே வரும் எங்கள் வீதி, இந்தக் காணியைக் கண்டதும் மரியாதையாக வளைந்து சுற்றிக்கொண்டு போகும். வளைவில் மலரக்காவின் தேத்தண்ணிக் கடை. வளைவில் பஸ் வேகம் குறையும். குறைந்தால் வடை வாசம் மூக்கில் ஏறும். ஏறினால் ட்ரைவர் நிற்பாட்டுவார். மலரக்காவின் சீவியம் முழுவதும் அந்த ஒரு பிரேக்கில்தான் ஓடுகிறது.

காணிக்காரர் கனடாவில். விற்கச் சம்மதம். சபை ஒரே கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. ஒன்று – சிறுவர் பூங்காவுக்கு அந்தக் காணியை வாங்குவது. மற்றது – வீதி வளைவை நிமிர்த்துவது. இரண்டுக்கும் தனித்தனிக் குழு, இரண்டுக்கும் கைதட்டல். ஆட்சேபனை இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் தரவும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

மலரக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்கள் எழுதுற ஆள்தானே. ரோட்டை நிமித்தினா என்ர கடை மூலைக்க போயிடும். ஒரு கடிதம் எழுதித் தாங்கோவன்."

எழுதினேன். நான்கு பக்கம். வீதிகளின் வளைவுக்கும் மனித நாகரிகத்துக்கும் உள்ள தொடர்பிலிருந்து தொடங்கினேன். மூன்றாம் பக்கத்தில் உரோமாபுரி வந்தது. மலரக்கா பொறுமையாக வாசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. என்ர கடை எத்தினையாம் பக்கத்தில வருது?"

வரவில்லை. திருத்தி எழுதி முடித்தபோது பதினைந்தாம் நாள்.

அதற்குள் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் காணி முழுக்கக் கட்டை அடித்துவிட்டுப் போயிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான். நல்ல மனிதர். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று ஒவ்வொரு கட்டையின் தலையிலும் சிவப்புப் பெயின்ற் பூசியிருந்தார்.

சிவப்பு! அதுவும் எங்கள் ஊரில்!

கண்ணிவெடி அகற்ற வந்தவர்கள் எங்களுக்குப் படிப்பித்த பாடம் அது. வெள்ளைத் தலைக் கட்டை – பார்த்தாயிற்று, போகலாம். சிவப்புத் தலைக் கட்டை – தாண்டாதே. மற்றப் பாடமெல்லாம் மறந்துபோனவர்களுக்கும் இது மறக்காது. இதற்கு மட்டும் மறுபரீட்சை கிடையாது.

அன்று பின்னேரத்திலிருந்து காணிக்குள் ஒருவரும் இறங்கவில்லை. பஸ் தரிப்பிடத்துக்குக் குறுக்கே நடந்து பழகிய ஊர், வளைவைச் சுற்றி நடக்கத் தொடங்கியது. மாடு கட்டியிருந்தவர்கள் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். பந்து உள்ளே விழுந்தால் பந்து போனதுதான். சுற்றி நடந்தவர்களுக்குத் தாகம் எடுத்தது. மலரக்கா கடை முன்னால் ஆட்கள் இருக்கப் புதிதாக ஒரு வாங்கு போட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கடை போடுவதற்கு முன் மலரக்கா ஏழு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவர். முழங்காலில் நின்று, இதே காணியைச் சாண் சாணாகத் துப்புரவாக்கியவர்களில் ஒருவர். அது ஊருக்கும் தெரியும். ஆனால் கட்டைகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "எனக்கென்ன தெரியும்? சபையில போய்க் கேளுங்கோ."

அப்படித்தான் புதன்கிழமை சபையே வந்து நின்றது.

உத்தியோகத்தர் மட்டும் விறுவிறென்று காணி நடுவே போய் வரைபடத்தை விரித்தார். "வாங்கோ சேர், ஒண்டுமில்லை. நான் அடிச்ச கட்டையள்தானே!"

"ஓமோம், தெரியும்," என்றார் தவிசாளர், வேலிக்கு வெளியே நின்று. "இங்க நிண்டே வடிவாத் தெரியுது."

ஓர் உறுப்பினர் தன் சப்பாத்து புதிது என்றார். இன்னொருவருக்குத் திடீரென்று முழங்கால் வலித்தது. தவிசாளரின் பார்வை என்மேல் விழுந்தது.

"எழுத்தாளர், நீங்கள் ஒருக்காப் போய்ப் பாருங்கோவன். அனுபவம் கிடைக்கும், எழுதலாம்."

"நான் கற்பனையிலயும் எழுதுவன், ஐயா."

கடைசியில் எல்லோரும் கடைப் பக்கம் திரும்பினார்கள். "அக்கா, நீங்கள் இதில வேலை செய்த ஆள். உண்மையைச் சொல்லுங்கோ. உள்ளுக்க கால் வைக்கலாமோ?"

மலரக்காவின் கையில் ஆற்றிய தேத்தண்ணி அப்படியே நின்றது. வைக்கலாம் என்றால் ரோடு நிமிரும், கடை மூலைக்குப் போகும். தெரியாது என்றால் இன்னும் ஆறு மாதம் நல்ல வியாபாரம். நானாக இருந்தால்... வேண்டாம், விடுங்கள்.

"என்ன கதை கதைக்கிறியள்?" குரலில் சூடு. "நான் துப்புரவாக்கின காணியில கால் வைக்கலாமோ எண்டு என்னட்டையே கேக்கிறியளோ?"

தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு வேலியைக் கடந்தார். நேரே நடந்தார். உத்தியோகத்தருக்கு ஒரு கோப்பை நீட்டினார். பிறகு நின்ற இடத்திலிருந்தே கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தம்பி, இந்த வரிசை என்ன?"

"புது ரோட்டு, அக்கா."

"அப்ப இந்த நாலு கட்டை?"

"ஊஞ்சல்."

மலரக்கா அங்கிருந்தே கத்தினார். "ஐயா! ஊஞ்சல் நடு ரோட்டிலயெல்லோ வருது! முன்னுக்கு ஆடினா பிள்ளை பஸ்ஸுக்குள்ள. பின்னுக்கு ஆடினா லொறிக்குள்ள!"

வீதிக் குழு பூங்காக் குழுவைப் பார்த்தது. பூங்காக் குழு வானத்தைப் பார்த்தது.

"பிளான் ரெண்டு தந்தவை, சேர்," என்றார் உத்தியோகத்தர். "ரெண்டுக்கும் அடிச்சனான்."

இனிப் போய்ப் பார்க்காமல் முடியுமா? தவிசாளர் இறங்கினார். மலரக்காவின் கால் பதிந்த இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். அவர் வைத்த இடத்தில் அடுத்த உறுப்பினர். அதே இடத்தில் அதற்கடுத்தவர். கடைசியாக எட்டாவது ஆள், நான். எங்கள் சபை ஒரே வழியில் போனதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

முடிவு அங்கேயே, தேத்தண்ணியோடு எடுக்கப்பட்டது. இரண்டும் ஒரு காணிக்குள் அடங்காது. "ரோட்டு வளைஞ்சே கிடக்கட்டும்," என்றார் தவிசாளர்.

"அப்ப பூங்கா வாசலை என்ர கடைப் பக்கம் வையுங்கோ," என்றார் மலரக்கா, வெற்றுக் கோப்பைகளை அடுக்கியபடி. நான்கு பக்கத்தில் நான் சொல்ல முடியாததை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சபை கூடி அதை ஏற்றுக்கொண்டது. இனிக் கட்டைகளுக்குச் சிவப்பு பூசுவதில்லை என்றும் ஒரு தீர்மானம். அதில் மட்டும் ஒருவரும் பேச எழும்பவில்லையாம்.

நேற்றுப் பின்னேரம் அந்தப் பக்கம் போனேன். கட்டைகளெல்லாம் வெள்ளை. நடுவில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு இரண்டு நிமிடம்தான் இருந்தது. குறுக்கே நடந்தால் பிடித்துவிடலாம்.

நான் வளைவைச் சுற்றித்தான் போனேன். தேத்தண்ணி குடிக்கத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.