பனிமூட்டத்துக்குள் விழுந்த கோல்

கண்டியில் எங்கள் பாடசாலை உதைபந்தாட்டம் இரண்டு பிரிவாக நடந்தது. கல்லூரி என்று பெயர் வைத்த நகரத்துப் பாடசாலைகள் தங்களுக்குள் விளையாடுவது நகரப் பிரிவு. மடுல்கெல்ல, ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டப்புறக் கல்லூரிகள் விளையாடுவது மலைப் பிரிவு. பருவம் முடியும்போது இரண்டு பிரிவிலும் முதலாவதாக வந்த கல்லூரிகள் ஒரு சனிக்கிழமை மோதும். அந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி வருடம் முழுவதும் பேச ஆட்கள் இருந்தார்கள். எந்தக் கல்லூரி விளையாடுகிறது என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம், பிரிவுதான் மானம். போன வாரம் தன் கல்லூரியைத் தோற்கடித்த கல்லூரிக்காக அன்று ஒருநாள் தொண்டை கிழியக் கத்துவார்கள். மறுநாள் பழைய பகைக்குத் திரும்பிவிடுவார்கள்.

நான் வேலை செய்யும் கந்தோருக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இரண்டு பிரிவுக்காரர்களும் ஒரே மேசையில்தான் இருப்பார்கள்.

“மலைப் பசங்களுக்கு ஓடத் தெரியாது. இறங்கத்தான் தெரியும்” என்பார் நகரத்துக்காரர் ஒருவர்.

“ஒங்க பசங்க மூச்சு வாங்குற சத்தம் எங்க லயத்து வீடு வரைக்கும் கேக்குதுங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று மலைக்காரர் தேநீரை ஆற்றிக்கொண்டே பதில் சொல்வார்.

எனக்கு இதில் பக்கம் சொல்வது சிரமம். நான் பிறந்தது மடுல்கெல்லயில் ஒரு தோட்டத்தில். படித்தது மலைப் பிரிவுக் கல்லூரியில். எழுதுவினைஞர் வேலை கிடைத்து நகரத்துக்கு வந்தேன். திருமணம் செய்தது நகரத்தில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண்ணை. அவளுடைய அண்ணன், என் மச்சான், நகரப் பிரிவுக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர். அந்தப் பழைய மாணவர் குழுவில் முக்கியமானவர். அம்பிட்டியவில் அவருடைய வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் குடியிருக்கிறோம், மேல்தளத்தில் அவர். அது தன் வீடு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாத காரணத்தாலேயே எனக்கு அது எப்போதும் ஞாபகத்தில் இருந்தது. ஆட்ட நாளில் வேனில் எனக்கு ஒரு இருக்கை வைத்திருப்பார். நகரப் பிரிவுக் கொடி கட்டிய வேன். வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

பக்கம் சொல்ல முடியாதவன் கணக்கையாவது எழுதலாம் என்றுதான் ஒரு கொப்பி வைத்தேன். ஒவ்வொரு வருட ஆட்டத்தையும் அதில் எழுதினேன்: திகதி, மைதானம், ஆட்டம் தொடங்கிய நேரம், மழையா வெயிலா, கோல் போட்டவன் யார், எத்தனையாவது நிமிடம். சரித்திரப் புத்தகங்கள் நிறையப் படிப்பவன் நான். யுத்தங்களைப் பற்றிய எந்தப் புத்தகத்திலும் தோற்றவனின் சாட்சி கிடைப்பது குறைவு என்று கவனித்திருக்கிறேன். ஆகவே ஒரு முறை வைத்துக்கொண்டேன். மைதானத்தில் பென்சிலால் எழுதுவேன். பிறகு நகரப் பிரிவில் ஒருவரும் மலைப் பிரிவில் ஒருவரும் அந்தத் தாளின் ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கையெழுத்தும் விழுந்த பிறகுதான் மை. இதனாலேயே கடையில் சண்டை முற்றினால், “கொப்பியக் கேளுங்க” என்று யாராவது சொல்வார்கள். அதோடு சண்டை நின்றுவிடும். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. மறுக்கவில்லை.

ஒரே ஒரு ஆட்டத்தில் அந்த முறையை நான் மீறினேன். திகதியை இங்கே எழுதவில்லை. எழுதினால் எந்தக் கல்லூரிகள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆட்டம் ஹுன்னஸ்கிரிய பக்கத்தில், தேயிலைக்கு நடுவே சமன் செய்த ஒரு மைதானத்தில் நடந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது மேல் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. அந்தப் பக்கம் அது புதினமில்லை. ஆனால் அன்று ஒரேயடியாக இறங்கியது. நான் நடுக்கோட்டுக்கு அருகில் நின்றேன். முதலில் தூரத்துக் கோல் கம்பம் மறைந்தது, பிறகு ஆட்கள் மறைந்தார்கள். பந்து உதைபடும் சத்தம் மட்டும் கேட்டது. மலைப் பையன்கள் அந்தக் கம்பத்தை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூச்சல். பிறகு இரண்டு விசில்.

கோல் என்பதற்காக ஊதினார் என்று மலைக்காரர்கள் குதித்தார்கள். பனிக்காக ஆட்டத்தை முடித்தார் என்று நகரத்துக்காரர்கள் சொன்னார்கள். அந்த வருடம் வேனுக்குப் பதிலாக வந்திருந்த நகரத்து பஸ் அதற்கு முன்பே இயந்திரத்தை உயிர்ப்பித்து நின்றது. பாதை தெரியாமல் போய்விடும் என்ற பயத்தில் சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். மச்சான் முதல் ஆளாக அதில் ஏறி இருந்தார். மத்தியஸ்தர் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். பிறகு வெளிநாடு போய்விட்டார் என்று கேள்வி. அந்தக் காலத்தில் இது பழைய மாணவர்கள் தாங்களாக நடத்திய ஆட்டம். வேறு எந்தப் பதிவும் கிடையாது.

நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன் மலைக் கல்லூரிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான். பனிக்குள்ளிருந்து ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தான்.

“கோல்டா. பார்த்தேன்டா நான். எழுதுடா.”

எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டான். நகரத்துக்காரர் ஒருவரும் அங்கே இல்லை. திங்கட்கிழமை வரை காத்திருந்திருக்கலாம். அன்று மாலையே, தோட்டத்திலேயே இருக்கும் என் அக்கா வீட்டில் இருந்து, மையால் எழுதினேன். இரண்டுக்கு ஒன்று, மலைப் பிரிவு வெற்றி. இதற்குக் காரணம் தேடி எனக்குள் பல தடவை வாதாடியிருக்கிறேன். ஒரே காரணம்தான்: அது கோலாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

பல வருடம் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. இந்த வருடம் பார்க்க வேண்டி வந்தது. கொழும்பில் நடக்கும் அகில இலங்கைச் சுற்றுக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரேயொரு அணிக்கு இடம் தந்தார்கள். தேர்வாளர்கள் வந்து பார்க்கும் சுற்று. வருட முடிவு ஆட்டத்தில் வெல்பவர் போவது என்று முடிவாகியிருந்தது. அந்த ஆட்டம் மழையில் கோல் இல்லாமல் முடிந்தது. மறு ஆட்டம் வைக்க மைதானம் காயவில்லை. பெயர் கொடுக்க மூன்று நாள்தான் இருந்தது. இரண்டு பக்கத்துப் பழைய மாணவர்களும் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள்: இதுவரை எந்தப் பிரிவு கூடுதலாக வென்றிருக்கிறதோ அந்தப் பிரிவு அணி போகட்டும். சமமாக இருந்தால் காசைச் சுண்டிப் பார்க்கலாம். எண்ணுவதற்கு என் கொப்பி.

அன்று இரவு வரை காத்திருக்கவில்லை. செய்தி வந்த உடனேயே எண்ணிப் பார்த்தேன். மலைப் பிரிவு ஒரு வெற்றியால் முன்னுக்கு நின்றது. அந்த ஒன்று எது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை வகுப்புத் தோழன் தொலைபேசியில் அழைத்தான். “பெரும்பாலான பசங்களுக்கு இது கடைசி வருஷம்டா. இதுக்கப்புறம் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போயிருவானுங்க. ஒரு தடவை யாராவது ஒழுங்கான ஆள் இவனுங்க விளையாடுறதப் பார்க்கட்டும். கொப்பிய மறக்காம கொண்டு வா.” மேல்தளத்தில் மச்சான் நடக்கும் சத்தம் கேட்டது. நான் சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்தேன். வீட்டில் எந்த அறையிலும் நிற்க முடியவில்லை.

கூட்டம் அம்பிட்டியவில் ஒரு சிறிய மண்டபத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு. சாரல் அடித்ததால் யன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். நீண்ட மேசை. ஒரு பக்கம் நகரப் பிரிவு, மறு பக்கம் மலைப் பிரிவு. எனக்குக் கதிரை போட்டிருந்தது மேசையின் சுவரோர முனையில். இரண்டு பக்கத்திலும் ஆட்கள் எழுந்தால்தான் நான் வெளியே போகலாம். தலைமை தாங்கியவர் நகரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். எல்லோரும் நானா என்பார்கள். நகரப் பிரிவுக்காரர்தான், ஆனாலும் நியாயமானவர் என்று மலைக்காரர்களே சொல்வார்கள்.

நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முடிவை வாசிப்பார், இரண்டு கையெழுத்தையும் விரலால் தொடுவார், அடுத்ததுக்குப் போவார். அந்தப் பக்கத்தில் விரல் நின்றது.

“இதுல ஒரு ஒப்பம்தானே ஈக்கி?”

“நகரத்து பஸ் போயிருச்சு நானா” என்றேன். அது உண்மை.

“சரி. மத்தவங்கட ஒப்பம் கெடக்கட்டும். நீங்க கண்ணால கண்டீங்களா?”

வகுப்புத் தோழன் எதிரில் இருந்தான். என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொன்னால் அந்த ஒன்று போய்விடும். பிள்ளைகளின் இடம் காசு விழும் பக்கத்துக்குப் போகும். தோட்டத்திலிருந்து போய் நகரத்து வீட்டில் இருப்பவன் இப்படித்தான் செய்வான் என்று என் அக்கா வீட்டு வாசலில் நின்றே சொல்வார்கள். ஆம் என்று சொன்னால் இத்தனை வருடக் கொப்பியும் பொய். தண்ணீர் போத்தலை எடுத்து மூடியைத் திருகினேன். அது திறக்கவில்லை.

“என்ன, மாப்பிள்ளை முழிக்கிறாரு” என்று நகரப் பக்கம் ஒருவர் சொன்னார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அப்போது மச்சான் எழுந்தார்.

“நான் பார்த்தேன். கோல்தான். கையெழுத்துப் போட மறந்துட்டேன். பேனாவக் கொண்டாங்க.”

“நீங்க எந்தப் பக்கம்ங்க?” என்று அவருடைய ஆட்களிடமிருந்தே குரல் வந்தது.

“பார்த்தத சொல்றதுக்குப் பக்கம் எதுக்கு?”

‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானா அதையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடினார். “அப்ப மலைப் பிரிவு. அல்லாஹ்வுக்காக, வெளியில போய் யாரும் பிரச்சினை எடுக்க வாணாம்.”

மண்டபத்திலிருந்து வீடு பத்து நிமிட நடை. ஏற்றம். பாதிவழியில் கேட்டேன்.

“மச்சான், நீங்க பஸ்ஸில இருந்தீங்களே.”

“இருந்தேன்தான். பனிதான் தெரிஞ்சது.” குடையை என் பக்கம் சாய்த்தார். “என் தங்கச்சி புருஷன அத்தன பேரு பார்த்துச் சிரிக்கிறானுங்க. நான் பார்த்துட்டு உக்காந்திருக்கவா? அதுவும் நீங்க பார்க்காம மையில எழுதுற ஆளில்ல. அது எனக்குத் தெரியாதா?”

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. ஒருவரும் இல்லாத பாதை. குடைக்குள் நாங்கள் இரண்டு பேர். சொன்னால், அவர் தன் பிரிவின் இடத்தை ஒன்றுமில்லாததற்கு விட்டுக்கொடுத்தார் என்றாகிவிடும். மண்டபத்தில் நான் பொய்யனாகாமல் இருக்க அவர் பொய்யனாகியிருந்தார். “ம்” என்றேன்.

அதற்குப் பிறகு மேல்தளத்துக்கு ஆட்கள் வருவது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் அவருடைய பழைய மாணவர் கூட்டம் வரவில்லை. ஒருநாள் கடையில் யாரோ அவரைத் “தோட்டத்துச் சாட்சி” என்று அழைத்தார்களாம். என் மனைவிதான் வந்து சொன்னாள். “அண்ணன் ஒங்களுக்காகத்தான் போட்டாரு. நீங்க ஒரு வார்த்தை நல்லா பேசுங்களேன்” என்றாள். பேசினேன். விலைவாசியைப் பற்றி, மழையைப் பற்றி. வேறு எதைப் பேசப் போனாலும் அந்த மைதானம் வந்து நின்றது.

கொழும்புக்குப் புறப்படும் முதல்நாள் காலை வகுப்புத் தோழன் அணித் தலைவனையும் கூட்டிக்கொண்டு நன்றி சொல்ல வீட்டுக்கு வந்தான். மச்சான் கீழே இறங்கி வந்து முன்னறையில் இருந்தார். நாலைந்து வாரத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மனைவி தேநீரும் வடையும் வைத்தாள். பையன் நல்ல உயரம், கூச்சம் இல்லாதவன். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு மச்சானைப் பார்த்தான்.

“சார், அந்தக் கோல நீங்க நேர்ல பார்த்தீங்களாமே. எங்க பசங்க எல்லாரும் கேக்கச் சொன்னானுங்க. எந்தக் காலால அடிச்சது?”

மச்சான் தேநீர்க் கோப்பையை வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். பார்த்தவன் நான் என்று நம்பித்தான் பார்த்தார்.

“இடது கால்” என்றேன்.

வகுப்புத் தோழன் தலையை நிமிர்த்தினான். ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு வடையைப் பிட்டுக்கொண்டு, “ஆமா, இடதுதான்” என்றான். அவனும் பார்க்கவில்லை என்பது அந்த நேரம்தான் எனக்குத் தெரிந்தது.

பையன் எழுந்து, கதிரைகளுக்கு நடுவில் இடம் பார்த்து, இடது காலை வீசிக் காட்டினான். “இப்படியா சார்?”

“இன்னும் கொஞ்சம் ஒசத்தி” என்றார் மச்சான்.