சித்தியின் இரண்டு இடைவெளிகள்

முப்பத்தோராம் நாளுக்கு, இறந்தவரின் வாழ்க்கையை எழுதி அச்சிடும் சிறு புத்தகத்தை எங்கள் உடுப்பிட்டியில் கல்வெட்டு என்பார்கள். கல்லும் கிடையாது, வெட்டும் கிடையாது. சித்தப்பா மாரடைப்பில் போனபோது அதைச் சித்தியே கணினியில் எழுதினார். முப்பத்தோராம் நாள் சபையில் தானே வாசிக்கப்போவதாகவும் சொன்னார். வழக்கமாக யாராவது ஒரு பெரியவர்தான் ராகம் போட்டு வாசிப்பார். சித்தி இடையில் உடைந்துவிடுவாரோ என்று வீடே பயந்தது.

புத்தகத்தை வடிவமைத்தவர் சித்தியின் அண்ணனான மாமா. ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பின்னும் சித்தி இரண்டு இடைவெளி விட்டிருந்தார். ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டு மாமா பெருமையாக நிமிர்ந்தார்.

"உது பழைய டைப்ரைட்டிங் பழக்கம், பிள்ளை. கொம்பியூட்டரிலை ஒண்டே காணும், ரெண்டு தேவையில்லை."

"ஓம் அண்ணை, காணும். எனக்கு ரெண்டு வேணும்."

சித்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திரும்பத் தட்டினார். வரிகள் நீண்டு அடுத்த பக்கத்துக்கு ஓடின. இடம் பண்ண மாமா தன் இரங்கற்பாவில் பாதியை வெட்ட வேண்டியதாயிற்று. அதற்காக வேறு யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. பத்து வயதான எனக்கு இது நல்ல போட்டியாகப் பட்டது. நான் சித்தியின் கட்சி.

முப்பத்தோராம் நாள் பந்தலில் சித்தி எழுந்து நின்று வாசித்தார். ஒரு வசனம். நின்றார், எச்சில் விழுங்கினார், மூச்சை இழுத்தார். பிறகு அடுத்த வசனம். பக்கத்திலிருந்து நானும் புத்தகத்தில் விரல் வைத்துத் தொடர்ந்தேன். குரல் நடுங்கியதே தவிர உடையவில்லை. கடைசிப் பக்கம் வந்தது.

"சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றார். வரவில்லை."

இந்த இடத்தில் மட்டும் ஒரே இடைவெளி. தட்டும்போது தவறியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்ட சித்தி அப்படியே நின்றுபோனார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

அது ஏன் என்று இப்போது புரிகிறது. அன்று எனக்கிருந்த கவலை வேறு. ஒன்றை விட்டுவிட்டாரே, மாமா கண்டுபிடித்துவிட்டால் சித்தி தோற்றுப்போவாரே என்று மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சால்வையால் முகத்தை மூடியிருந்தார். நல்லவேளை, மாமா கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.